நடுக்கடல்ல பேட்டரி தீர்ந்தா சார்ஜ் போடுறது எப்படி? மின்சார பாய்மரப் படகுகளின் 'யூனிட்' கணக்கு: முழு விளக்கம்

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பயம் தெரியும். வீட்டுக்கு இன்னும் 10 கிலோமீட்டர் இருக்கும்போது பேட்டரி 8 சதவீதம் என்று காட்டும். ஆக்சிலரேட்டரை மெதுவாகத் திருகி, ஏசி கடை எங்கே, சார்ஜிங் பாயின்ட் எங்கே என்று கண் தேட ஆரம்பிக்கும். கடைசியில் வண்டி நின்றாலும் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்விடலாம்.

இதே நிலைமை கடலில் வந்தால்? சுற்றிலும் தண்ணீர். பிளக் பாயின்ட் இல்லை. இறங்கித் தள்ளவும் முடியாது. ஆனாலும் உலகம் முழுக்க பலர் தங்கள் பாய்மரப் படகுகளில் இருந்த டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, மின்சார மோட்டாரும் பேட்டரியும் பொருத்திக்கொண்டு கடலுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? சூரியன் போதுமா? படகு ஓடும்போதே பேட்டரி ஏறும் என்கிறார்களே, அது உண்மையா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பாய் இருக்கும்போது மோட்டார் எதுக்கு?

நியாயமான கேள்வி. பாய்மரப் படகின் முக்கிய இன்ஜின் காற்றுதான். ஆனால் துறைமுகத்துக்குள் நுழையும்போதும், நெருக்கமாக நிற்கும் படகுகளுக்கு நடுவே நிறுத்தும்போதும் பாயை நம்பிப் போக முடியாது. காற்றே இல்லாத நாளிலும் மோட்டார் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, காற்றும் அலையும் சேர்ந்து படகைப் பாறைப் பக்கம் தள்ளும்போது, தப்பிக்க அந்த மோட்டார் கை கொடுக்க வேண்டும்.

அதாவது பாய்மரப் படகில் மோட்டார் என்பது சொகுசுப் பொருள் இல்லை, உயிர் காக்கும் சாதனம். அதனால்தான் அதன் பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பது இவ்வளவு பெரிய விஷயம்.

கிரெட்டா போன படகு நினைவிருக்கா?

2019 ஆகஸ்ட் மாதம், பருவநிலைச் செயல்பாட்டாளர் கிரெட்டா துன்பெர்க் விமானத்தில் ஏற மறுத்து, இங்கிலாந்தின் பிளைமவுத்திலிருந்து நியூயார்க்குக்குப் பாய்மரப் படகில் போனார். ஆகஸ்ட் 14 அன்று கிளம்பி, ஆகஸ்ட் 28 அன்று போய்ச் சேர்ந்தார். படகின் பெயர் 'மலிசியா 2'. சுமார் 60 அடி நீளமுள்ள பந்தயப் படகு. போரிஸ் ஹெர்மன், பியர் கசிராகி இருவரும் அதை ஓட்டினார்கள்.

அந்தப் படகில் சோலார் பேனல்களும், தண்ணீருக்குள் சுற்றும் சிறிய டர்பைன்களும் இருந்தன. வழிகாட்டும் கருவி, தொலைத்தொடர்பு, விளக்கு என எல்லாவற்றுக்கும் மின்சாரம் அதிலிருந்துதான்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கணும். அந்தப் பயணத்தில் படகை நகர்த்தியது காற்று. மின்சாரம் கருவிகளுக்கு மட்டும்தான். கருவிகளுக்கான மின்சாரம் கொஞ்சம். படகையே தள்ளுவதற்கான மின்சாரம் மிக அதிகம். மின்சாரப் பாய்மரப் படகு வைத்திருப்பவர் இந்த இரண்டு தேவையையும் ஒரே பேட்டரியிலிருந்து சமாளிக்க வேண்டும்.

நம்ம ஈபி பில் கணக்கிலேயே பார்ப்போம்

மின்கட்டண அட்டையில் பார்க்கிற அதே 'யூனிட்'தான் இங்கேயும் கணக்கு. 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 35 அடி நீளமுள்ள பாய்மரப் படகு. அதில் 10 கிலோவாட் மோட்டார், 10 யூனிட் பேட்டரி. பேட்டரியை முழுசாகக் காலி செய்யக் கூடாது என்பதால் பயன்படுத்தக்கூடியது 8 யூனிட் என்று வைப்போம்.

கடலில் வேகத்தை 'நாட்' என்ற அளவில் சொல்வார்கள். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். அமைதியான கடலில், காற்று இல்லாத நாளில், இந்த அளவுள்ள படகின் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்:

- 4 நாட் வேகத்தில் போனால் சுமார் 1.3 கிலோவாட் செலவு. 6 மணி நேரம் ஓடும். தூரம் சுமார் 45 கிலோமீட்டர்.
- 5 நாட் வேகத்தில் சுமார் 2.5 கிலோவாட். 3 மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமாக ஓடும். தூரம் சுமார் 30 கிலோமீட்டர்.
- 6 நாட் வேகத்தில் சுமார் 5 கிலோவாட். ஒன்றரை மணி நேரம்தான். தூரம் 18 கிலோமீட்டருக்குள்.

வேகம் 4-லிருந்து 6 நாட்டாக ஏறியது, அதாவது ஒன்றரை மடங்கு. ஆனால் மின்சாரச் செலவு கிட்டத்தட்ட நான்கு மடங்கு. தண்ணீர் தடுக்கும் விதம் அப்படி. சாலையில் காற்று தடுப்பதைவிடத் தண்ணீர் பல மடங்கு அதிகமாகத் தடுக்கும். அதனால் மின்சாரப் படகு ஓட்டுபவர் முதலில் கற்றுக்கொள்வது நிதானம்.

டீசலோடு ஒப்பிட்டால்?

ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. இன்ஜினில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகி, ப்ரொப்பெல்லருக்கு சுமார் 3 யூனிட்தான் போய்ச் சேரும். அப்படி வீணானாலும், 100 லிட்டர் டேங்க் என்றால் 300 யூனிட்.

அதே 300 யூனிட்டை லித்தியம் பேட்டரியில் அடைக்க வேண்டுமென்றால் பேட்டரியின் எடை மட்டும் இரண்டரை டன்னைத் தாண்டும். 35 அடி படகால் அதைத் தாங்க முடியாது. ஆகவே 'டேங்கை நிரப்பிட்டு மறந்துடலாம்' என்ற டீசல் பழக்கம் இங்கே செல்லாது. கொஞ்சமாகச் சேமித்து, தொடர்ந்து ஏற்றிக்கொண்டே இருப்பதுதான் வழி. ஏற்றுவதற்கு என்னென்ன வழி இருக்கிறது?

வழி 1: கரையில் பிளக்

இருப்பதிலேயே எளிதான வழி. ஐரோப்பாவில் படகு நிறுத்துமிடங்களில் பொதுவாக 230 வோல்ட், 16 ஆம்பியர் இணைப்பு கிடைக்கும். பெருக்கிப் பார்த்தால் 3.68 கிலோவாட். அமெரிக்காவில் 120 வோல்ட், 30 ஆம்பியர். பெருக்கினால் 3.6 கிலோவாட். நம் உதாரணப் படகில் 3 கிலோவாட் சார்ஜர் இருந்தால், காலியான 8 யூனிட்டும் சுமார் 3 மணி நேரத்தில் ஏறிவிடும். மதியச் சாப்பாட்டுக்குக் கரையிறங்கித் திரும்புவதற்குள் வேலை முடிந்தது.

ஏரியில் ஓட்டுபவர்களுக்கும், காலையில் போய் மாலையில் அதே இடத்துக்குத் திரும்புபவர்களுக்கும் இது ஒன்றே போதும்.

ஆனால் இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. உப்புக் காற்றில் பிளக்கின் பின்கள் அரித்துப் போகும். அரித்த பின் சூடாகி உருகும். தீ விபத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்னொன்று, பழுதான வயரிங் உள்ள படகிலிருந்து மின்சாரம் தண்ணீரில் கசியலாம். அந்த நேரத்தில் பக்கத்தில் நீந்துபவரின் தசைகள் செயலிழந்து அவர் மூழ்கிவிடக்கூடும். நல்ல தண்ணீர் ஏரிகளில் இந்த ஆபத்து அதிகம். காரணம், நல்ல தண்ணீரைவிட மனித உடல் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். அமெரிக்காவில் இப்படி உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன. கரை மின்சாரம் உள்ள படகுத் துறையில் நீந்தவே கூடாது என்று அங்கே எச்சரிப்பது இதனால்தான்.

வழி 2: சோலார் பேனல்

'கடல்ல வெயிலுக்கா பஞ்சம்?' என்று தோன்றும். வெயிலுக்குப் பஞ்சமில்லை, இடத்துக்குத்தான் பஞ்சம்.

ஒரு 400 வாட் பேனலுக்கு சுமார் 2 சதுர மீட்டர் இடம் வேண்டும். 35 அடி பாய்மரப் படகில் பாய், கயிறு, ஆள் நடக்கும் வழி எல்லாம் போக, பின்பக்கத்தில் ஒரு சட்டம் அடித்து இரண்டு பேனல் வைக்கலாம். அதாவது 800 வாட்.

நல்ல வெயில் நாளில் இதிலிருந்து 3 யூனிட் கிடைத்தால் சந்தோஷம். பேனல் தட்டையாகக் கிடக்கும், சூரியன் பக்கம் சாய்ந்து இருக்காது. அதோடு நிழல் பிரச்சினை. பாய்மரத்தின் நிழலோ ஒரு கயிற்றின் நிழலோ பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலே அந்தப் பேனலின் உற்பத்தி சட்டென்று சரியும். பேனலுக்குள் சின்னச் சின்ன செல்கள் ஒரு சங்கிலியாகக் கோர்க்கப்பட்டிருப்பதால், ஒன்று அடைபட்டால் அந்த வரிசையே அடைபடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனி சார்ஜ் கன்ட்ரோலர் வைப்பார்கள். ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலும் மற்றது வேலை செய்யும்.

இப்போது வரவு செலவு பார்ப்போம். நங்கூரம் போட்டு நிற்கும் படகில் ஃபிரிட்ஜ், விளக்கு, போன், தண்ணீர் பம்ப் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 1.2 யூனிட் செலவு என்று வைப்போம். வரவு 3 யூனிட். மிச்சம் 1.8 யூனிட். காலியான 8 யூனிட் பேட்டரி நிரம்ப நான்கு, ஐந்து நாள் ஆகும். அதுவும் மேகம் வராமல் இருந்தால்!

அவசரம் இல்லாதவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. ஒரு தீவில் நங்கூரம் போட்டு ஒரு வாரம் இருந்துவிட்டுக் கிளம்பும்போது பேட்டரி நிறைந்திருக்கும். தினமும் மோட்டார் ஓட்ட வேண்டும் என்றால் கதை வேறு.

சரி, கேரளாவில் சோலார் படகு ஓடுகிறதே என்று கேட்கலாம். உண்மைதான். வைக்கம் - தவணக்கடவு இடையே 2017 ஜனவரி முதல் ஓடும் 'ஆதித்யா' 75 பேர் போகக்கூடிய சோலார் படகு. ஆனால் அதன் கூரை முழுக்க பேனல்தான், மொத்தம் 20 கிலோவாட். நம் உதாரணப் படகைப் போல 25 மடங்கு. கூரைக்கு மேல் பாயும் இல்லை, அதன் நிழலும் இல்லை. தூரமும் குறைவு, அலையில்லாத காயல். பாய்மரப் படகுக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. இரண்டு உடல் கொண்ட கட்டமரான் வகைப் படகுகளில் மட்டும் மேல்பரப்பு அகலமாக இருப்பதால் 2 கிலோவாட் வரைகூட பேனல் வைக்க முடிகிறது.

வழி 3: ஓடும்போதே சார்ஜ் ஏறும் வித்தை

எலெக்ட்ரிக் வாகனத்தில் பிரேக் பிடிக்கும்போது பேட்டரி கொஞ்சம் ஏறுமே, அதே தத்துவம்தான் இது. 'ரீஜெனரேஷன்' என்பார்கள், சுருக்கமாக ரீஜென்.

மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் அது ப்ரொப்பெல்லரைச் சுற்றும். மாறாக, ப்ரொப்பெல்லரை வேறு ஏதாவது சுற்றினால் மோட்டார் மின்சாரம் கொடுக்கும். காற்றில் பாய் புடைத்துப் படகு ஓடும்போது, கீழே தண்ணீர் ப்ரொப்பெல்லர் மேல் பாய்ந்து அதைச் சுற்றுகிறது. மோட்டார் ஜெனரேட்டராக மாறுகிறது. பேட்டரி ஏறுகிறது.

எவ்வளவு கிடைக்கும்? இதுவும் வேகத்தைப் பொறுத்தது. ப்ரொப்பெல்லரின் அளவு, வடிவத்தைப் பொறுத்து மாறும் என்றாலும், தோராயமாக 5 நாட்டில் 100 வாட், 6 நாட்டில் 200 முதல் 300 வாட், 8 நாட்டில் 600 வாட் அளவுக்குக் கிடைக்கலாம். வேகம் கொஞ்சம் கூடினாலே மின்சாரம் நிறையக் கூடும். செலவில் நம்மை அடித்த அதே கணக்கு இங்கே வரவில் உதவுகிறது.

250 வாட் கம்மிதானே என்று நினைக்க வேண்டாம். சோலார் போல இது பகலில் மட்டும் வேலை செய்வதில்லை. 6 நாட் வேகத்தில் ஒரு நாள் முழுக்க ஓடினால் 24 மணி நேரத்தில் 6 யூனிட். கடல் தாண்டும் நீண்ட பயணத்தில் இதுதான் பெரிய வருமானம்.

இதில் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று, சுற்றும் ப்ரொப்பெல்லர் படகை இழுத்துப் பிடிக்கும், வேகம் கொஞ்சம் குறையும். இரண்டாவது, படகைத் தள்ளுவதற்காகச் செதுக்கிய ப்ரொப்பெல்லர் இலை, தண்ணீரிலிருந்து ஆற்றலை உறிஞ்சுவதற்குச் சரியான வடிவமாக இருக்காது. மின்விசிறி இறக்கையும் காற்றாலை இறக்கையும் வேறு வேறு வடிவத்தில் இருப்பது போலத்தான். இதற்காகவே பின்லாந்தின் ஓஷன்வோல்ட் நிறுவனம், தேவைக்கேற்ப இலைகளின் கோணத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ப்ரொப்பெல்லரை விற்கிறது.

வழி 4: தனியாகத் தொங்கும் டர்பைன், அதைச் செய்தவரின் கதை

மோட்டாரைத் தொடாமல், படகின் பின்பக்கத்தில் ஒரு சிறிய டர்பைனைத் தண்ணீரில் இறக்கி மின்சாரம் எடுப்பது இன்னொரு முறை. பெயர் ஹைட்ரோஜெனரேட்டர். வேண்டும்போது இறக்கலாம், வேண்டாதபோது தூக்கிவிடலாம்.

இதில் பிரபலமான பெயர் பிரான்ஸின் 'வாட் அண்ட் சீ'. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் யானிக் பெஸ்டாவன். இவர் வெறும் தொழிலதிபர் இல்லை, பந்தய மாலுமி. தனி ஆளாக, எங்கும் நிற்காமல், யார் உதவியும் இல்லாமல் உலகைச் சுற்றிவரும் 'வான்டே குளோப்' போட்டியின் 2020-21 பதிப்பில் வெற்றி பெற்றவர். அந்தப் போட்டியில் முதலில் கோட்டைத் தொட்டது அவர் அல்ல, சார்லி டாலின். ஆனால் வழியில் படகு உடைந்து தத்தளித்த சக வீரர் கெவின் எஸ்கோஃபியரைத் தேடும் பணிக்காக பெஸ்டாவன் தன் பாதையை விட்டுத் திரும்பியிருந்தார். அதற்காக அவருக்கு 10 மணி 15 நிமிடம் ஈடாகக் கொடுக்கப்பட்டது. அந்தக் கணக்கில் வெற்றி அவருக்கு.

இதே போட்டியின் 2016-17 பதிப்பில் கான்ராட் கோல்மன் என்ற நியூசிலாந்து - அமெரிக்க மாலுமி இன்னொரு சாதனை செய்தார். டீசலே இல்லாமல் மின்சார மோட்டார், சோலார், ஹைட்ரோஜெனரேட்டரை மட்டும் நம்பிக் கிளம்பினார். பந்தயம் முடியும் கட்டத்தில் பாய்மரமே முறிந்து விழுந்தது. மிச்சமிருந்த துண்டுகளை வைத்து ஒரு தற்காலிகப் பாய் கட்டி, 110 நாட்களில் கரை சேர்ந்தார். புதைபடிவ எரிபொருள் இல்லாமல் அந்தப் போட்டியை முடித்த முதல் ஆள் அவர்தான்.

வழி 5: குட்டிக் காற்றாலை

சில படகுகளின் பின்பக்கத்தில் ஒரு கம்பத்தில் சிறிய காற்றாலை சுற்றுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். மிதமான காற்றில் 50 முதல் 100 வாட் கொடுக்கும். இரவிலும் மேகமூட்டத்திலும் வேலை செய்யும்.

ஆனால் காற்று போகும் திசையிலேயே படகும் போனால், படகில் உணரப்படும் காற்று குறைந்துவிடும், காற்றாலையும் சோம்பேறியாகிவிடும். பஸ்ஸின் பின்னாலிருந்து காற்று அடித்தால் ஜன்னலோரம் இருப்பவருக்குத் தெரியாது இல்லையா, அது போல. சத்தமும் அதிர்வும் வேறு. காற்று அதிகமுள்ள இடத்தில் நங்கூரம் போட்டு நிற்பவர்களுக்குத்தான் இது அதிகம் பயன்படும்.

வழி 6: கடைசியில் ஒரு ஜெனரேட்டர்

'டீசலை விட்டுட்டேன்' என்று சொல்லும் பலர் படகில்கூட ஒரு மூலையில் சின்ன ஜெனரேட்டர் இருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 3 கிலோவாட் சார்ஜ் கிடைத்தால் காலி பேட்டரி 3 மணி நேரத்தில் ஏறும். எரிபொருள் சில லிட்டர் செலவாகும். வருடத்தில் சில நாள் மட்டும் ஓட்டினால், பழைய டீசல் இன்ஜினைவிட மொத்தச் செலவும் புகையும் குறைவுதான்.

ஆனால் பெட்ரோல் ஜெனரேட்டரைக் கேபினுக்குள்ளோ, ஜன்னல் பக்கத்திலோ ஒருபோதும் ஓட்டக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்கும் ஆளை எழுப்பாமலே கொன்றுவிடும். வீட்டில் பவர் கட் நேரத்தில் ஜெனரேட்டர் வைப்பவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

ஹைட்ரஜன் வழியும் இருக்கிறது. பிரான்ஸின் 'எனர்ஜி அப்சர்வர்' என்ற ஆய்வுக் கப்பல், 1983-ல் கட்டப்பட்ட ஒரு பந்தயப் படகை மாற்றியமைத்துச் செய்தது. 2017-ல் பயணத்தைத் தொடங்கியது. வெயிலில் கிடைக்கும் உபரி மின்சாரத்தை வைத்துக் கடல்நீரைச் சுத்திகரித்து, அதிலிருந்து ஹைட்ரஜன் பிரித்துச் சேமித்து, தேவைப்படும்போது திரும்ப மின்சாரமாக்குகிறது. ஆனால் இது ஆராய்ச்சி முயற்சி, சாதாரண படகுக்காரர் செய்யக்கூடியது அல்ல.

'தானே சார்ஜ் ஆகும் படகு' வீடியோ உண்மையா?

'மோட்டார் படகைத் தள்ளும், படகு ஓடும்போது டர்பைன் சுற்றும், அதிலிருந்து பேட்டரி ஏறும், சார்ஜே போட வேண்டாம்' என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தால் நம்பாதீங்க.

மோட்டாரில் ஓடும்போது டர்பைனை இறக்கினால், அது கொடுக்கும் மின்சாரத்தைவிட, அதை இழுத்துச் செல்ல மோட்டார் செலவழிக்கும் மின்சாரம் எப்போதும் அதிகம். ஒரு பாக்கெட்டில் இருந்து எடுத்து, வழியில் கொஞ்சம் சிந்தி, இன்னொரு பாக்கெட்டில் போடுவது போலத்தான். ரீஜென் வேலை செய்வது பாயில் ஓடும்போது மட்டுமே. அப்போது ஆற்றலைக் கொடுப்பது காற்று.

எந்த பேட்டரி? ஏன் 48 வோல்ட்?

பழைய லெட் ஆசிட் பேட்டரி, அதாவது வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பது, விலை குறைவு. ஆனால் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும். கடைசிப் பகுதி ஏறப் பல மணி நேரம் ஆகும். அதனால் இப்போது பெரும்பாலானோர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகைக்கு மாறிவிட்டார்கள். 80 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தலாம், வேகமாக ஏறும், மற்ற லித்தியம் வகைகளைவிட எளிதில் தீப்பிடிக்காது.

10 கிலோவாட் மோட்டாரை 12 வோல்ட்டில் ஓட்டினால் 830 ஆம்பியருக்கு மேல் பாயும். அதற்கு மணிக்கட்டு அளவுக்குக் கம்பி வேண்டும். 48 வோல்ட்டில் அது சுமார் 210 ஆம்பியராகக் குறைகிறது. கையில் பட்டால் ஆளைத் தூக்கி அடிக்கும் அளவுக்கு வோல்டேஜும் இல்லை. அதனால்தான் இந்த அளவுப் படகுகளில் 48 வோல்ட் வழக்கமாகிவிட்டது.

கவனிக்க வேண்டிய மூன்று விஷயங்கள்:

- நிரம்பிய பேட்டரி: பேட்டரி நிறைந்த பிறகும் காற்றில் படகு ஓடிக்கொண்டே இருந்தால் ரீஜென் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். பேட்டரியின் காவல்காரனான பிஎம்எஸ் திடீரென இணைப்பைத் துண்டித்தால், வோல்டேஜ் எகிறி மற்ற கருவிகள் கருகலாம். அதற்கு முன்பே ரீஜெனைக் குறைக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும்.
- குளிர்: வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போனால் இந்த வகை பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளே நிரந்தர சேதம் ஏற்படும்.
- உப்புத் தண்ணீர்: லித்தியம் பேட்டரி கடல்நீரில் மூழ்கினால் உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம், சில நாள் கழித்துக்கூட. 2022-ல் அமெரிக்காவின் புளோரிடாவை இயன் புயல் தாக்கியபோது, கடல்நீர் புகுந்த மின்சார கார்கள் பின்னர் தீப்பிடித்தன.

உயிரைக் காக்கும் அந்தக் கடைசி 30 சதவீதம்

இப்போது நம் உதாரணப் படகுக்குத் திரும்புவோம். பேட்டரி முழுசாக இருக்கிறது. திடீரென எதிர்க்காற்று. மோட்டாரை முழு வேகத்தில், 10 கிலோவாட்டில் ஓட்டினால் அந்த 8 யூனிட் எவ்வளவு நேரம் வரும்? 48 நிமிடம். அவ்வளவுதான்.

பேட்டரியில் 30 சதவீதம், அதாவது 3 யூனிட் மட்டும் இருந்தால்? அடிவரை வழித்து எடுத்தாலும் 18 நிமிடம்.

துறைமுக வாசலில், அலை உள்ளே தள்ளும் நேரத்தில், 18 நிமிடம் போதுமானதாக இருக்கலாம். கரையிலிருந்து தூரத்தில் இருந்தால் போதாது. அதனால் அனுபவசாலிகள் சில விதிகளைக் கறாராகக் கடைப்பிடிக்கிறார்கள். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே பேட்டரி இறங்கினால் மோட்டாரைத் தொடுவதே இல்லை. அந்த மிச்சம் துறைமுகம் நுழையவும் ஆபத்துக்கும் மட்டும். வீட்டு உபயோகத்துக்கான ஃபிரிட்ஜும் அடுப்பும் அந்த இருப்பில் கை வைக்காதபடி, சிலர் தனி பேட்டரியே வைத்துவிடுவார்கள். காற்று இல்லையென்றால் மோட்டாரைப் போடாமல் காத்திருப்பார்கள். பாயும் நங்கூரமும் எப்போதும் தயாராக இருக்கும்.

டீசல் படகுக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்புவார். மின்சாரப் படகுக்காரர் வானிலை அறிக்கையைப் பார்த்துக் கிளம்புவார்.

அப்போ யாருக்கு எது சரி?

- காலையில் போய் மாலையில் திரும்புபவர்: கரையில் பிளக் போதும். பேனல் இருந்தால் கூடுதல் லாபம்.
- தீவு தீவாக நிதானமாகப் போகிறவர்: முடிந்த அளவு சோலார், கூடவே கொஞ்சம் பொறுமை.
- கடல் தாண்டுபவர்: சோலாரும் ரீஜெனும் இரண்டும் வேண்டும். பகலுக்கு ஒன்று, இரவுக்கு இன்னொன்று.
- குறித்த தேதிக்குள் போய்ச் சேர வேண்டியவர், காற்று குறைந்த பகுதியில் ஓட்டுபவர்: ஜெனரேட்டர் இல்லாமல் கிளம்புவது ரிஸ்க்.

மின்சாரத்துக்கு மாறலாமா என்று யோசிக்கும் படகுக்காரர் மோட்டார் விலையைக் கேட்பதற்கு முன்னால், ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு எழுத வேண்டும். இடது பக்கம், ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் செலவாகும். வலது பக்கம், எத்தனை யூனிட் வரும். வரவு பக்கத்தை மழைக்கால மேகத்தை மனதில் வைத்து எழுதினால், கடலில் ஏமாற்றம் இருக்காது.